காலி லாரிக்குச் சரி, லோடு லாரிக்குக் குப்பை: ஓர் எடைமேடையின் சீரியல் போர்ட்டும் பழைய பேசிக் நிரலும்

எடைமேடையின் எடையைக் காட்டும் பெட்டியான இண்டிகேட்டரின் திரையில் 27,480 கிலோ என்று தெளிவாகத் தெரிகிறது. பக்கத்தில் இருக்கும் மடிக்கணினியிலோ முன்னால் ஒரு சுழி, நடுவில் நான்கு விநோதக் குறிகள், கடைசியில் ஒரு சுழி. அதே லாரி நெல்லை இறக்கிவிட்டுக் காலியாக மேடை ஏறும்போது 9,650 என்ற எடை மடிக்கணினியில் ஒரு குறையும் இல்லாமல் வருகிறது. காங்கேயம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் எடைமேடை அறையில் எனக்குக் காட்டப்பட்ட பழுது இதுதான்.

எனக்கு முன்பு பார்த்தவர், பாரம் ஏறும்போது மட்டும் பிழை வருகிறது என்பதால், மேடையில் பாரத்தை உணரும் லோடு செல்லையோ இண்டிகேட்டரின் வெளியீட்டு அட்டையையோ சந்தேகப்பட்டு, இண்டிகேட்டரையே மாற்றச் சொல்லியிருந்தார். கேட்பதற்கு நியாயமாகப் படும். ஆனால் லோடு செல் தரும் மில்லிவோல்ட்டை எண்ணாக மாற்றும் வேலை இண்டிகேட்டர் திரைக்கு எடை வரும் முன்பே முடிந்துவிடுகிறது. திரையில் எடை சரி என்றால் லோடு செல்லும் சரிதான். அதற்குப் பிறகு கம்பியில் நடப்பது வெறும் எழுத்துப் போக்குவரத்து.

இண்டிகேட்டரை மாற்றுவது விலையோடு முடிகிற காரியமும் அல்ல. வணிகத்துக்குப் பயன்படும் எடைக் கருவி 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் வருகிறது. முத்திரையை உடைத்துவிட்டால், முத்திரை ஆய்வாளர் சோதித்து மறுபடி முத்திரை இட்ட பிறகே வணிகத்துக்கு எடை போட முடியும். அறுவடை நேரத்தில் வாசலில் நெல் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது அந்தக் காத்திருப்பை ஆலை தாங்காது. "பெட்டியைத் தொடாமல் முடியுமா தம்பி?" என்றுதான் ஆலை உரிமையாளர் முதலில் கேட்டார். தொடத் தேவையே இல்லை என்பது அடுத்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

பின்னணி சுருக்கமாக: இத்தனை ஆண்டுகளாக அந்த அறையில் ஒரு டாஸ் கணினி ஓடிக்கொண்டிருந்தது. அது எடையைப் படித்து, வண்டி எண், சரக்கு, லோடு எடை, காலி எடை, நிகர எடை எல்லாம் சேர்த்து டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் மூன்று படிச் சீட்டு அடிக்கும். மதர்போர்டில் மின்தேக்கிகள் உப்பி, ஒருநாள் அது எழவே இல்லை. அதன் இடத்தில் மடிக்கணினியையும், இண்டிகேட்டரின் சீரியல் கம்பியை யுஎஸ்பியோடு சேர்க்கும் யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டரையும் வைத்தபோதுதான் இந்தக் குப்பை எழுத்துகள் தோன்றின.

கம்பியில் என்ன வருகிறது

நிரலைத் தொடும் முன் மல்டிமீட்டரை எடுப்பது என் வழக்கம். ஆர்எஸ்-232 என்ற இந்த இணைப்பு முறை 1960-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. டெலிபிரிண்டர்களும் மோடங்களும் ஆண்ட காலம். அதில் 1 என்பது எதிர் மின்னழுத்தம், -3 முதல் -15 வோல்ட் வரை. 0 என்பது நேர் மின்னழுத்தம், +3 முதல் +15 வரை. அனுப்ப ஒன்றும் இல்லாதபோது கம்பி 1 நிலையிலேயே நிற்கும். ஆகவே தரைக் கம்பியோடு ஒப்பிட்டு எந்த முனையில் எதிர் மின்னழுத்தம் இருக்கிறதோ, அதுதான் எதிராளி பேசும் முனை. கையேடு தொலைந்துபோன கருவிகளில் இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது.

இங்கே மீட்டர் எதிர் மின்னழுத்தத்திலேயே நின்றது. ஆனால் ஓர் எண்ணில் நிலைக்காமல் அலைந்துகொண்டிருந்தது. தரவு வந்துகொண்டே இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். கேபிளில் மூன்றே கம்பிகள்: அனுப்ப ஒன்று, பெற ஒன்று, தரை ஒன்று. கணினிப் பக்கம் 25 முனை இணைப்பான் இருந்தது. இந்த இடத்தில் கவனம் வேண்டும். கணினியின் 9 முனை இணைப்பில் 2-ஆம் முனை பெறுவதற்கு, 3-ஆம் முனை அனுப்புவதற்கு, 5 தரை. 25 முனையில் 2-ம் 3-ம் இடம் மாறிவிடும். தரை 7-ஆம் முனைக்குப் போய்விடும். எண்ணைப் பார்த்து நேருக்கு நேர் இணைத்தால் இரண்டு பக்கமும் பேசும், யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்து, வரும் பைட்டுகளை எழுத்தாகப் பார்க்காமல் எண்ணாகப் பார்த்தேன். 27,480 கிலோ மேடையில் நிற்கும்போது வந்தவை: 48, 178, 183, 180, 184, 48. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் அஸ்கி குறியீட்டில் 0 என்ற இலக்கத்தின் எண் 48. 2-க்கு 50, 7-க்கு 55, 4-க்கு 52, 8-க்கு 56. வந்த எண்களில் இருந்து இவற்றைக் கழித்துப் பாருங்கள். 178-50, 183-55, 180-52, 184-56: எல்லாம் 128. ஒரு பைட் என்பது எட்டு பிட்டுகள், ஒவ்வொன்றும் 0 அல்லது 1. அதில் எட்டாவது பிட்டின் மதிப்பு 128. யாரோ எட்டாவது பிட்டை ஒரு காரணத்தோடு ஏற்றி அனுப்புகிறார்கள்.

அந்தக் காரணத்தின் பெயர் பாரிட்டி. அஸ்கி ஏழு பிட் குறியீடு. எட்டாவது இடத்தில், மொத்த 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும்படி ஒரு பிட்டைச் சேர்த்து அனுப்புவது இரட்டைப் பாரிட்டி. வழியில் ஒரு பிட் கெட்டுப்போனால் எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிடும், பெறுபவருக்குத் தெரிந்துவிடும். 0, 3, 5, 6, 9 ஆகிய இலக்கங்களின் ஏழு பிட்டுகளில் 1-கள் ஏற்கெனவே இரட்டைப்படையாக இருக்கின்றன. அவற்றுக்குப் பாரிட்டி பிட் 0. மீதியுள்ள 1, 2, 4, 7, 8 ஐந்துக்கும் அது 1.

மடிக்கணினியில் போர்ட்டை எட்டு பிட், பாரிட்டி இல்லை என்று அமைத்திருந்தார்கள். இன்று ஏறக்குறைய எல்லா மென்பொருளும் கேட்காமலே வைத்துக்கொள்ளும் அமைப்பு அதுதான். அப்போது பாரிட்டி பிட்டும் எழுத்தின் ஒரு பகுதியாகப் படிக்கப்படும். 0, 3, 5, 6, 9 தப்பிவிடும். மற்ற ஐந்தும் குப்பையாகும். 9,650-இல் இருப்பவை எல்லாம் தப்பும் இலக்கங்கள். 27,480-இல் கடைசிச் சுழியைத் தவிர எல்லாம் மாட்டும் இலக்கங்கள். பாரத்துக்கும் பிழைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. காலி லாரியின் எடை 9,820 ஆக இருந்திருந்தால் அதுவும் குப்பையாகத்தான் வந்திருக்கும். ஏழு பிட், இரட்டைப் பாரிட்டி, எழுத்தின் முடிவைக் காட்டும் ஒரு ஸ்டாப் பிட் என்று போர்ட்டை மாற்றியதும் எடை நேராக வந்தது.

இதோடு விட்டிருந்தால் எடை மட்டும்தான் திரையில் தெரியும், சீட்டு வராது. இண்டிகேட்டர் நொடிக்குப் பத்து முறை பத்து எழுத்துகள் கொண்ட ஒரு செய்தியை அனுப்புகிறது. முதலில் செய்தித் தொடக்கக் குறி, அதாவது எண் 2. பிறகு கூட்டல் அல்லது கழித்தல் குறி, ஆறு இலக்கங்கள், ஓர் ஆங்கில எழுத்து, கடைசியில் வரி முடிவுக் குறி, எண் 13. அந்த ஒன்பதாவது எழுத்து சில நேரம் எஸ், சில நேரம் எம். எப்போது எது, அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லக் கையேடு இல்லை. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆவணம், இறந்துபோன கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த பேசிக் நிரல்.

பழைய நிரலை வாசித்தல்

ஐடிஇ-யுஎஸ்பி அடாப்டர் வழியாக டிஸ்க்கின் முழுப் படிமத்தை எடுத்துவிட்டு, மூலத்தைத் தொடாமல் படிமத்தில் வேலை செய்தேன். நிரல் கோப்பைச் சாதாரண உரைத் திருத்தியில் திறந்தால் புரியாத குறிகள்தான் வரும். டாஸ் காலத்துப் பேசிக் வகையான ஜிடபிள்யூ-பேசிக், கோப்புகளைச் சேமிக்கும்போது கட்டளைச் சொற்களை ஒரு பைட் குறியீடாகச் சுருக்கிவிடும். பிரிண்ட் என்ற சொல் 145 என்ற ஒரே எண்ணாகிவிடும். கோப்பின் முதல் பைட் 255 என்றால் அது இப்படிச் சுருக்கப்பட்ட பேசிக் கோப்பு என்று தெரிந்துகொள்ளலாம். பிசி-பேசிக் என்ற திறமூல எமுலேட்டர் அதை அப்படியே ஏற்றிக்கொள்கிறது. உள்ளே போய், சேமிக்கும் கட்டளையின் கடைசியில் காற்புள்ளியும் ஏ எழுத்தும் சேர்த்தால் வெற்று உரையாக எழுதித் தந்துவிடும்.

வரி எண்களோடு நிரல் திரையில் விரிந்தது. போர்ட்டைத் திறக்கும் வரியை வாய்விட்டுப் படித்தால் இப்படி வரும்: ஓபன் "காம்1: 2400, இ, 7, 1, சிஎஸ்0, டிஎஸ்0" ஆஸ் 1. கம்பியில் நான் கண்டுபிடித்தது எல்லாம் ஒரே வரியில் இருக்கிறது. வேகம் நொடிக்கு 2400 பிட், இரட்டைப் பாரிட்டி, ஏழு பிட், ஒரு ஸ்டாப் பிட். கடைசி இரண்டும் கேபிளைப் பற்றிய செய்தி. எதிர்ப்பக்கம் தயாரா என்று தெரிவிக்கும் இரண்டு கம்பிகளைப் பேசிக் வழக்கமாக ஒரு நொடி வரை எதிர்பார்த்துக் காத்திருக்கும், சைகை வராவிட்டால் பிழை சொல்லும். மூன்று கம்பிக் கேபிளில் அந்தச் சைகைகளே இல்லை. அதனால்தான் சுழி போட்டு, எதிர்பார்க்காதே என்று சொல்லியிருக்கிறார். கேபிளைப் பார்க்காமலே அதில் எத்தனை கம்பி இருக்கும் என்று இந்த வரியை வைத்துச் சொல்லிவிடலாம்.

எழுதியவர் யார் என்று ஆலையில் யாருக்கும் நினைவில்லை. அவர் இந்த மேடையின் அருகிலேயே நாள் கணக்கில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒன்பதாவது எழுத்து எஸ் ஆக இல்லாவிட்டால் எண்ணியை (கவுண்டரை) மறுபடி சுழியாக்குகிறார். எஸ் ஆக இருந்து, எடையும் முந்தைய செய்தியின் எடையும் ஒன்றாக இருந்தால் எண்ணியில் ஒன்று கூட்டுகிறார். எண்ணி ஐந்தைத் தொட்டால்தான் எடையை ஏற்கிறார். எஸ் என்பது எடை நிலைத்துவிட்டது, எம் என்பது இன்னும் ஆடுகிறது. இண்டிகேட்டர் நிலைத்துவிட்டது என்று சொன்ன பிறகும் அரை நொடி பொறுத்துப் பார்க்கிறார். ஓட்டுநர் பிரேக்கை விடும்போது லாரி ஒரு முறை முன்னும் பின்னும் அசையும். அந்த அசைவின் நடுவில் ஒரு கணம் எடை நிலைத்தது போலத் தெரியும். ரெம் வரி ஒன்றில் இதையே குறிப்பாக எழுதியும் வைத்திருக்கிறார்.

இன்னொரு இடத்தில், ஒரு சீட்டு அடித்த பிறகு மேடையின் எடை 50 கிலோவுக்குக் கீழே இறங்காமல் அடுத்த சீட்டை அடிக்கவே விடவில்லை. இது ஏன் என்று எடை போடும் அண்ணனிடம் கேட்டேன். "மேடையை விட்டு இறங்காமலே இன்னொரு வண்டி எண்ணுக்கும் சீட்டுக் கேட்பவர்கள் உண்டு தம்பி. கணினி அடிக்காது என்று சொல்லிவிடுவேன்" என்றார். இந்த ஒரு நிபந்தனையை நான் நிரலில் பார்க்காமல் விட்டிருந்தால், புதிய மென்பொருள் பளபளப்பாக ஓடியிருக்கும். அவருக்கு இருந்த பாதுகாப்பு போயிருக்கும்.

அதே டிஸ்க்கில் சோதனை நிரல் ஒன்றும் கிடைத்தது. அதில் ஓபன் கட்டளையே இல்லை. சில்லோடு நேரடியாகப் பேசுகிறது. ஐபிஎம் பிசி 1981-இல் வந்தபோது அதன் சீரியல் அட்டையில் இருந்தது 8250 என்ற யூஆர்ட், அதாவது சீரியல் போர்ட்டை இயக்கும் சில்லு. முதல் போர்ட்டின் பதிவகங்கள், அதாவது சில்லுக்குள் எண்களை எழுதவும் படிக்கவும் உள்ள இடங்கள், 1016-ஆம் முகவரியில் தொடங்குகின்றன. நிரலின் நான்கு வரிகள் இவை (அவுட் என்பது ஒரு முகவரியில் ஓர் எண்ணை எழுதும் கட்டளை):

அவுட் 1019, 128
அவுட் 1016, 48
அவுட் 1017, 0
அவுட் 1019, 26

முதல் வரி, வேகம் அமைக்கும் பதிவகத்தைத் திறக்கிறது. அட்டையின் கடிகாரம் 18,43,200 ஹெர்ட்ஸ். சில்லு அதைப் பதினாறால் வகுக்கும், கிடைப்பது 1,15,200. அதை 48-ஆல் வகுத்தால் 2400. கடைசி வரியின் 26 என்பது 16, 8, 2 ஆகியவற்றின் கூட்டல். 2 என்றால் ஏழு பிட், 8 என்றால் பாரிட்டி உண்டு, 16 என்றால் அது இரட்டைப் பாரிட்டி. பிறகு 1021-ஆம் முகவரியைப் படித்து, வந்த எண்ணில் 1 என்ற பிட் மதிப்பு இருந்தால் ஓர் எழுத்து வந்திருக்கிறது என்றும், 4 இருந்தால் பாரிட்டிப் பிழை என்றும், 8 இருந்தால் எழுத்தின் முடிவில் ஸ்டாப் பிட் வரவில்லை என்றும் திரையில் எழுதுகிறது. இந்தச் சில வரிகளை ஒருமுறை புரிந்துகொண்டவருக்கு, பாட் ரேட் என்ற வேகமும் பாரிட்டியும் அமைப்புப் பெட்டியில் தேர்ந்தெடுக்கும் வெறும் பெயர்களாக இருக்காது. 1,15,200 என்ற விசித்திரமான எண் எல்லாக் கருவிகளிலும் ஏன் வருகிறது என்பதும் அப்போதே விளங்கிவிடும்.

புதிய நிரலில் இரண்டு ஆபத்துகள்

புதிய நிரலைப் பைதானில் எழுதினேன், லினக்ஸில் ஓடுகிறது. பைசீரியல் நூலகத்தில் போர்ட்டைத் திறப்பது ஒரு வரி வேலை. நான் பேசிக்கிலேயே தொடர வேண்டும் என்று வாதாடப் போவதில்லை. அடுத்து வருபவர் திருத்தக்கூடிய மொழியில்தான் ஆலைக்கு நிரல் வேண்டும். ஆனால் பழைய நிரலை வரிக்கு வரி எதிரில் வைத்துக்கொண்டு எழுதியதால், தனியாக எழுதியிருந்தால் கண்ணில் படாத இரண்டு விஷயங்கள் பட்டன.

ஒன்று, பிழை. ஜிடபிள்யூ-பேசிக்கில் பாரிட்டி பொருந்தாத எழுத்து வந்தால் 57-ஆம் எண் பிழை எழும்பி நிரல் நின்றுவிடும். அதனால் பழைய நிரலில் அதற்கென்று தனிப் பகுதி இருக்கிறது: பிழை 57 என்றால் அந்தச் செய்தியைத் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்ததைப் படி. புதிய நிரலில் அந்தப் பகுதிக்கு இணையாக என்ன எழுதுவது என்று தேடியபோதுதான் உண்மை தெரிந்தது. பைசீரியலிடம் இரட்டைப் பாரிட்டி என்று சொன்னால், லினக்ஸில் அது பாரிட்டி பிட்டை எதிர்பார்க்கும்படி போர்ட்டை அமைக்கிறது. உள்ளே வரும் எழுத்தின் பாரிட்டியைச் சரிபார்க்கும் ஐஎன்பிசிகே என்ற கொடியை (ஏற்றவோ அணைக்கவோ கூடிய அமைப்பை) மட்டும் அணைத்துவிடுகிறது. கெட்டுப்போன எழுத்து எந்த அறிகுறியும் இல்லாமல் நல்ல எழுத்து போலவே நிரலுக்குள் வந்துவிடும். 2 என்ற இலக்கத்தில் ஒரு பிட் புரண்டால் அது 3 ஆகலாம், 0 ஆகலாம், 6 ஆகலாம். எடைச் சீட்டில் அது ஆயிரக்கணக்கான கிலோ.

தீர்வு கடினம் அல்ல. போர்ட்டைத் திறந்த பிறகு லினக்ஸில் போர்ட்டை அமைக்கும் வழியான டெர்மியோஸ் மூலம் அந்தக் கொடியை நாமே ஏற்ற வேண்டும். அப்போது லினக்ஸ், பாரிட்டி பொருந்தாத எழுத்தின் இடத்தில் 0 என்ற மதிப்புள்ள பைட்டைத் தரும். செய்திக்குள் அந்தப் பைட் தென்பட்டால் முழுச் செய்தியையும் தள்ளிவிடுகிறேன். சோதிக்க, இரண்டாவது கன்வெர்ட்டர் ஒன்றை ஒற்றைப் பாரிட்டியில் அமைத்து, அதில் இருந்து சரியான வடிவத்தில் எடைச் செய்திகளை அனுப்பினேன். கொடி அணைந்திருக்கும்போது எல்லா எடையும் நல்ல எடை போலத் திரைக்கு வந்தது. ஏற்றிய பிறகு ஒன்றுகூட வரவில்லை.

இரண்டாவது ஆபத்து இன்னும் பெரியது: பழைய எடை. ஜிடபிள்யூ-பேசிக்கில், வந்த எழுத்துகள் படிக்கப்படும்வரை காத்திருக்கும் இடைத்தேக்கம் வழக்கமாக 256 பைட்தான். நொடிக்கு நூறு எழுத்து வரும் இந்தக் கம்பியில் இரண்டரை நொடியில் அது நிரம்பி, 69-ஆம் பிழை எழும். ஆகவே அந்த நிரலர், எழுத்து வந்தவுடன் ஓடும்படி 'ஆன் காம்' என்ற குறுக்கீட்டுப் பகுதியை எழுதியிருக்கிறார். எடை போடுபவர் வண்டி எண்ணைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதும் அது பின்னால் படித்துக்கொண்டே இருக்கும். மாறியில் எப்போதும் கடைசி எடைதான் நிற்கும்.

லினக்ஸில் இந்த நெருக்கடி கண்ணுக்குத் தெரியாது. அங்கே வாசிப்புத் தேக்கம் 4096 பைட். இந்த வேகத்தில் நாற்பது நொடிக்கு மேல் எடைகளைச் சேர்த்து வைக்கும். நிரம்பிய பிறகு புதிதாக வருபவைதான் தொலையும், பழையவை அப்படியே வரிசையின் முன்னால் நிற்கும். இப்போது நடப்பதை யோசித்துப் பாருங்கள். ஒரு லாரி எடை போட்டு முடிந்தது. போர்ட் திறந்தே இருக்கிறது, நிரல் படிக்காமல் சும்மா இருக்கிறது. கால் மணி நேரம் கழித்து அடுத்த லாரி மேடையில் ஏறுகிறது. எடை போடுபவர் விசையை அழுத்துகிறார். நிரல் வரிசையின் முன்னால் இருப்பதை எடுக்கிறது. அது முந்தைய லாரியின் எடை. எஸ் எழுத்தோடு, ஐந்து முறை ஒரே எண்ணாக, எல்லா நிபந்தனைகளையும் நிறைவு செய்யும் எடை. எந்தப் பிழைச் செய்தியும் வராது.

அதனால் படிப்பதற்கென்றே, நிரலின் மற்ற வேலைகளோடு ஒரே நேரத்தில் ஓடும் ஒரு தனி இழையை ஓடவிட்டேன். அது எப்போதும் படிக்கும், கடைசிச் செய்தியையும் அது வந்த நேரத்தையும் மட்டும் வைத்திருக்கும். ஒரு நொடிக்கு மேல் பழையது என்றால் எடையைக் காட்டாமல் கோடுகளைக் காட்டும். போர்ட்டைத் திறந்தவுடன் தேக்கத்தைக் காலி செய்து, முதல் தொடக்கக் குறி வரும்வரை வந்ததை எல்லாம் தள்ளிவிடும். பாதியில் தொடங்கும் செய்தியை எடையாக எண்ணிவிடக் கூடாது. 256 பைட் நெருக்கடியில் வாழ்ந்த நிரலருக்கு இது இயல்பாக வந்திருக்கிறது. இடம் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் நாம்தான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மற்ற வேலைகள் விரைவாக முடிந்தன. கன்வெர்ட்டரைப் பிடுங்கிச் செருகினால் லினக்ஸில் போர்ட்டின் எண் மாறிவிடலாம் என்பதால், கருவியின் அடையாளத்தை வைத்து உண்டாகும் நிலையான பெயரைப் பயன்படுத்தினேன். போர்ட்டைத் திறக்க அனுமதி கிடைக்கும்படி பயனரை லினக்ஸின் டயல்அவுட் குழுவில் சேர்த்தேன். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை மாற்றவில்லை. கார்பன் படி அடிக்க ஊசி அடிக்கும் பிரிண்டர்தான் வேண்டும். கன்வெர்ட்டருக்கும் இண்டிகேட்டருக்கும் இடையே ஒளிவழித் தனிமைப்படுத்தி ஒன்றைச் சேர்த்தேன். எடைமேடை திறந்த வெளியில் கிடக்கும் இரும்பு, மழைக்காலத்தில் அருகில் விழும் இடி கேபிள் வழியாக மடிக்கணினி வரை வந்துவிடும். செலவைப் பார்த்து இதைத் தவிர்ப்பவர்கள் அதிகம். நான் விட மாட்டேன்.

பழைய மொழிகளைப் பற்றி

பேசிக் 1964-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் இருவரும் கணினித் துறை சாராத மாணவர்களுக்காக உருவாக்கிய மொழி. அதை இன்று எதற்குக் கற்க வேண்டும் என்று பாலிடெக்னிக் மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. ஏற்கெனவே ஒரு மொழி அறிந்தவர் பேசிக்கை எழுதக் கற்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வாசிக்கக் கற்றால் போதும், அதற்கு அதிக நாள் ஆகாது. கொங்கு வட்டாரத்தில் மட்டும் எத்தனை ஆலைகளில் இப்படிப்பட்ட நிரல்கள் இன்னும் ஓடுகின்றன என்பதைப் பழுது பார்க்கப் போகிறவர்கள் அறிவார்கள். கையேடு கரையான் அரித்துப் போயிருக்கும், விற்ற நிறுவனம் மூடியிருக்கும். கருவியின் குணத்தை எழுதி வைத்திருப்பது அந்த நிரல் ஒன்றுதான்.

டர்போ சி என்ற பழைய சி மொழிக் கம்பைலரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். நம் கல்லூரி ஆய்வகங்களில் அந்த நீலத் திரை வெகுகாலம் கோலோச்சியது. பழையது என்று அதைப் பழிப்பவர்களோடு நான் முழுமையாக உடன்படவில்லை. போர்ட்டில் எழுதவும் படிக்கவும் நேரடிச் செயற்கூறுகளும், பயோஸ் வழியாகச் சீரியல் போர்ட்டை இயக்கும் செயற்கூறும் அதிலேயே இருந்தன. அவற்றைத் தொடாமல் பகா எண்களை அச்சிடவும் நட்சத்திர முக்கோணம் வரையவும் மட்டுமே பயன்படுத்தினோம் என்பதுதான் என் வருத்தம். ஒரு முப்பது ரூபாய் இணைப்பானும் இரண்டு முழக் கம்பியும் அந்த ஆய்வகத்தில் இருந்திருந்தால், மாணவர்கள் வேறு விதமாக வெளியே வந்திருப்பார்கள்.

ஏழு பிட் இரட்டைப் பாரிட்டி செத்துப்போன வழக்கமும் அல்ல. ஐஇசி 62056-21 தரத்தைப் பின்பற்றும் மின்சார மீட்டர்களோடு ஒளிப் போர்ட் வழியாகப் பேசத் தொடங்கும்போது முதல் வாழ்த்து இன்றும் 300 பாட், ஏழு பிட், இரட்டைப் பாரிட்டியில்தான். தொழிற்சாலைகளில் பரவலாக இருக்கும் மோட்பஸ் என்ற கருவித் தொடர்பு முறை 1979-இல் பிறந்தது. அதன் ஆர்டியூ வகைக்கும் இரட்டைப் பாரிட்டியே வழக்கமான அமைப்பு. கோவைப் பட்டறைகளில் பழைய சிஎன்சி இயந்திரங்களுக்குள் நிரல் இன்னும் சீரியல் கேபிள் வழியாகத்தான் போகிறது.

வீட்டில் பழக நினைப்பவர்களுக்கு எடைமேடை தேவையில்லை. எஃப்டி232 சில்லு கொண்ட, உண்மையான ஆர்எஸ்-232 மின்னழுத்தம் தரும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்குங்கள். அதே உருவில் 5 வோல்ட் மட்டுமே தரும் வகையும் கடையில் கிடைக்கும். அது நுண்கட்டுப்பாட்டுச் சில்லுகளுக்கானது, அதை ஆர்எஸ்-232 கருவியில் செருகக் கூடாது. 9 முனை இணைப்பானில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு கம்பியால் இணைத்தால் நீங்கள் அனுப்புவது உங்களுக்கே திரும்பி வரும். அதில் தொடங்கி, இரண்டாவது கன்வெர்ட்டர் கிடைத்ததும் ஒன்றின் 2-ஐ மற்றதன் 3-க்கும், 3-ஐ 2-க்கும், 5-ஐ 5-க்கும் இணையுங்கள். ஒரு பக்கம் ஏழு பிட் இரட்டைப் பாரிட்டி, மறு பக்கம் எட்டு பிட் பாரிட்டி இல்லை என்று வைத்து 0 முதல் 9 வரை அனுப்பிப் பாருங்கள். ஐந்து இலக்கம் தப்பி ஐந்து இலக்கம் மாட்டுவது தெரியும். பிறகு பிசி-பேசிக்கில் முதல் போர்ட்டை அந்தக் கன்வெர்ட்டரோடு இணைத்து ஓபன் வரியை எழுதுங்கள், பாரிட்டியை வேண்டுமென்றே மாற்றுங்கள், ஒவ்வொரு முறையும் மறு பக்கம் என்ன வந்து சேர்கிறது என்பதை எழுத்தாகப் பார்க்காமல் எண்ணாகவே குறித்துக்கொள்ளுங்கள்.